சேவ் ஆயிடுச்சு!

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் கடலூர் மாவட்டத்துக்காரர்களின் காதில் அடிக்கடி விழுகிற செய்தி ஒன்று உண்டு. 'கடலூர் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது.'

எங்கள் ஊர் குறிஞ்சிப்பாடி, கடலூரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள்தான். செய்தி வந்ததும் ஆளாளுக்கு ஒரு வியாக்கியானம் கிளம்பும். "மூணுதானே, ஒண்ணும் பயமில்லை. அஞ்சு ஏத்தினாத்தான் ஸ்கூல் லீவு" என்பார் டீக்கடைக்காரர். "போன தடவை எட்டு ஏத்தினான், தூறல்கூட இல்லை" என்பார் பெஞ்சில் இருப்பவர். 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் வந்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. அதற்கப்புறமும் அந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்று பெஞ்சில் யாருக்கும் தெரியாது.

எண் என்றால் மார்க் மாதிரி, ஏற ஏற ஆபத்து என்றுதான் நினைக்கிறோம். பாதிதான் சரி. 5, 6, 7 மூன்றும் ஒரே ரகப் புயல்தான். துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரையைக் கடக்கப்போகிறது, இடதா, வலதா, நேரே தலைக்கு மேலேயா என்பது மட்டும்தான் வித்தியாசம். 8, 9, 10-ம் அப்படியேதான், இன்னும் கடுமையான புயலுக்கு. எல்லாவற்றுக்கும் மேலே 11. பதினொன்று என்றால் பிரளயம் என்று நினைப்பீர்கள். இல்லை சார். 'புயல் எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது' என்று அர்த்தம். அதாவது, 'என்ன நடக்கிறதென்று எங்களுக்கே தெரியவில்லை, ஆனால் ஏதோ சரியில்லை.'

1865-ல் கல்கத்தா துறைமுகத்தில் ஆரம்பித்த ஏற்பாடு இது. கப்பல்காரருக்காக வைத்த எண்கள். புயல் இடமா வலமா என்பது அவருக்கு உயிர்ப் பிரச்னை. அவரைப் பொறுத்தவரை இதைவிடச் சுருக்கமான, தெளிவான மெசேஜ் கிடையாது. கப்பல்காரருக்கு எழுதிய கடிதத்தை டீக்கடை பெஞ்சில் பிரித்துப் படிக்கிறோம், அவ்வளவுதான் கோளாறு.

இப்போது உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வாருங்கள். ஏதோ ஒரு இணையதளத்தில் பாரம் நிரப்பி பட்டனை அழுத்துகிறீர்கள். வெள்ளைத் திரையில் 500 என்று வருகிறது. இன்னொரு நாள் 404. வேறொரு நாள் 504. இவையும் கூண்டு எண்களேதான், கம்ப்யூட்டர்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வைத்தவை. நாலில் ஆரம்பித்தால் கேட்டவர் பக்கம் தப்பு. அஞ்சில் ஆரம்பித்தால் கொடுப்பவர் பக்கம் தப்பு. (ஒரு ஆபீஸ் 'தப்பு எங்களுடையது' என்று எழுத்தில் ஒப்புக்கொள்வதை நான் 500-ல்தான் பார்த்திருக்கிறேன். அதையும் சங்கேத பாஷையில்தான் ஒப்புக்கொள்கிறார்கள்.) 504 என்றால், முன்னால் நிற்கும் கம்ப்யூட்டர் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டரைக் கேட்டுப் பார்த்தது, நேரத்துக்குப் பதில் வரவில்லை என்று பொருள். நம்ம பதினோராம் நம்பர் கூண்டு!

எண்ணுக்குப் பதில் வாக்கியம் போட்டால் சரியாகிவிடுமா என்றால் அதுவும் இல்லை. நான் ஏழாவது படிக்கும்போது ஸ்கூல் கம்ப்யூட்டரில், 'இந்தப் புரோகிராம் சட்டவிரோதமான காரியத்தைச் செய்துவிட்டது, மூடப்படும்' என்று ஒரு பெட்டி இங்கிலீஷில் வந்தது. விண்டோஸின் அந்தக் காலத்து வசனம். பக்கத்து சீட்டுப் பையன் அழுதேவிட்டான், போலீஸ் வரும் என்று.

நான் பி.காம். கம்ப்யூட்டருக்கும் எனக்கும் உள்ள உறவு டேலியோடு சரி. ஆனாலும் இந்த விஷயத்தில் வாய் திறக்க எனக்கு ஒரு தகுதி இருக்கிறது. காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும், ஜர்னல் என்ட்ரி போட்டால் கீழே 'நரேஷன்' எழுத வேண்டும். எதற்காக டெபிட், எதற்காக கிரெடிட் என்று ஒரு வரி. எழுதாவிட்டால் எங்கள் புரொபசர் அரை மார்க் குறைப்பார். "எண்ட்ரிதான் சரியா இருக்கே சார்" என்று ஒருவன் கேட்டதற்குச் சொன்னார்: "உனக்குத் தெரியும்டா. பத்து வருஷம் கழிச்சு இந்த நோட்டைப் பிரிக்கிறவனுக்கு யார் சொல்றது?"

அந்த அரை மார்க் சமாச்சாரத்தில்தான் எங்கள் வீட்டில் ஒரு பெண்ணுக்கு ஒரு வருஷம் போனது.

என் சித்தப்பா நெய்வேலி சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பகுதியில் ஷிப்ட் பார்த்து ரிட்டயர் ஆனவர். அவருடைய பெண் பிளஸ் டூ முடித்ததும் ஒரு படிப்புக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. என்ன படிப்பு, எந்த இணையதளம் என்பதெல்லாம் வேண்டாம். கடைசி நாள், மாலை அஞ்சு மணி வரைதான் டயம். அப்பாவும் பெண்ணும் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் காலை பதினோரு மணிக்கு உட்கார்ந்தார்கள். போட்டோ 50 கே.பி.க்குள் இருக்க வேண்டும் என்றது, சுருக்கினார்கள். சுருக்கியது 20-க்குக் கீழே போய்விட்டது என்றது, விரித்தார்கள். நடுவில் கரண்டு போனது. (கூப்பிடு தூரத்தில் இருக்கிற நெய்வேலியிலிருந்து நாலைந்து மாநிலங்களுக்குக் கரண்டு போகிறது. போகிற வழியில் எங்களை எட்டிப் பார்ப்பதில்லை.) கடைசியாக மூன்றரை மணிக்கு எல்லாப் பக்கமும் நிரப்பி, பட்டனை அழுத்தினாள்.

திரையின் மேல் மூலையில் ஒரு பச்சைப் பட்டை. டிக் மார்க். 'அப்ளிகேஷன் சேவ்ட் சக்ஸஸ்ஃபுல்லி.' சித்தப்பா சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, வேட்டியில் துடைத்து, மாட்டிக்கொண்டு குனிவதற்குள் பட்டை போய்விட்டது. "என்னம்மா போட்டிருந்துச்சு?" "சேவ் ஆயிடுச்சுப்பா." விலக்கு இருந்ததால் விண்ணப்பக் கட்டணம் கிடையாது. கட்டணம் இல்லாததால் ரசீதும் இல்லை. இரண்டு பேரும் போண்டா சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஒரு மாதம் கழித்து லிஸ்ட் வந்தது. பெயர் இல்லை. ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டால், "உங்க ஸ்டேட்டஸ் டிராஃப்ட்னு காட்டுதுங்க" என்றார்கள். சித்தப்பா திகைத்துப்போய், "டிராஃப்ட்டா? நாங்க டி.டி. எதுவும் எடுக்கலையேம்மா!" என்றிருக்கிறார்.

விஷயம் இதுதான். 'சேவ்' என்றால் உங்கள் கணக்கில் எழுதி வைத்திருக்கிறது. 'சப்மிட்' அழுத்தினால்தான் அது அவர்களுக்குப் போய்ச் சேரும். அந்த சப்மிட் பட்டன் அதே பக்கத்தில், எலியின் சக்கரத்தை நாலு சுற்றுச் சுற்றினால் தென்படுகிற ஆழத்தில் இருந்தது. அதற்கும் ஒரு நம்பர் கொடுப்பார்களாம், ஒப்புகை எண். அது வரவில்லை என்பதை எப்படிக் கவனிப்பது? வரவேண்டும் என்று தெரிந்தால்தானே வராததைக் கவனிக்க முடியும்.

சித்தப்பா எனக்கு சென்னைக்குப் போன் செய்தார். "ஏம்பா, நீ படிச்சவன், சொல்லு. சேவ்னா காப்பாத்தறதுதானே? காப்பாத்திட்டான்னுதானே அர்த்தம்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் சார்பில் நானும் ஹெல்ப்லைனைக் கூப்பிட்டேன். நாற்பது நிமிஷம் சங்கீதம் கேட்டபின் ஒருவர் ரொம்ப மரியாதையாக, "சிஸ்டத்துல அப்படித்தான் சார்" என்றார். பெண் அந்த வருஷம் வடலூரில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு மனசு ஆறவில்லை. பழைய மகாபலிபுரம் ரோட்டில் புரோகிராமர் வேலை பார்க்கும் சிநேகிதனைப் பிடித்து, "அந்தப் பச்சைப் பட்டை ஏன்டா ஓடுது? யாராவது துரத்தறாங்களா?" என்று கேட்டேன். அவன் விளக்கினான்.

அதற்குப் பெயர் 'டோஸ்ட்'. டோஸ்டரிலிருந்து ரொட்டி எழும்புகிற மாதிரி எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். ஆண்ட்ராய்டு போனில் வருகிற டோஸ்ட்டுக்கு இரண்டே ஆயுள்தான்: குட்டை 2 விநாடி, நெட்டை 3.5 விநாடி. (சித்தப்பாவின் கண்ணாடி மாட்டும் படலம், நான் டயம் பார்த்தேன், 9 விநாடி.) இணையதளத்தில் புரோகிராமர் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஐந்து விநாடி வைப்பதே தாராளம்.

இன்னொரு வகையும் இருக்கிறது, 'ஃப்ளாஷ் மெசேஜ்'. நீங்கள் பாரத்தை அனுப்பியதும் சர்வர் அதை வாங்கிக்கொண்டு உங்களை வேறு ஒரு பக்கத்துக்குத் தள்ளிவிடும். ஏனென்றால் அதே பக்கத்தில் நிறுத்தி வைத்தால், நீங்கள் சும்மா இராமல் ரெஃப்ரெஷ் அழுத்தி, பாரம் இரண்டு தடவை போய், பணம் இரண்டு தடவை கழிந்துவிடும். நல்ல எண்ணம்தான். ஆனால் 'ஆச்சு' என்று சொல்ல வேண்டிய சேதியைப் புதுப் பக்கத்துக்கு யார் கொண்டுபோவது? அதைத் தற்காலிகமாக ஒரு இடத்தில் எழுதி வைத்து, அடுத்த பக்கம் திறந்ததும் ஒரே ஒரு முறை காட்டிவிட்டு அழித்துவிடுகிறார்கள். சீட்டைக் கண்முன் காட்டிவிட்டு அங்கேயே கிழித்துப் போடுகிற பியூன் மாதிரி. மறுபடி பார்க்க வேண்டும் என்று ரெஃப்ரெஷ் செய்தால், சீட்டு ஏது?

"சரி, அதுல என்ன எழுதணும்னு யாருடா முடிவு பண்றது?"

சிரித்தான். "யாரும் இல்லடா. ஸ்கிரீன் டிசைனுக்கு ஆள் உண்டு, டெஸ்டிங்குக்கு ஆள் உண்டு. மெசேஜ் எழுத ஆளே கிடையாது. ராத்திரி பதினோரு மணிக்கு, மறுநாள் ரிலீஸ்னா, கை போன போக்குல அடிச்சுட்டு கேப் பிடிச்சு வீட்டுக்குப் போவோம்."

ஆக, சித்தப்பா மகளின் ஒரு வருஷம் எவனோ ஒருவனின் கேப் வருகிற அவசரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அவனைத் திட்டவும் மனசு வரவில்லை. அவன் பொய் சொல்லவில்லையே! அவன் கணக்குப்படி 'சேவ்' ஆனது. சரியான என்ட்ரி, நரேஷன் இல்லை.

இத்தனைக்கும் இது யாருக்கும் தெரியாத ரகசியம் கிடையாது. யாக்கப் நீல்சன் என்ற டென்மார்க்காரர் 1994-லேயே பத்துக் கட்டளைகள் மாதிரி எழுதிவைத்தார். முதல் கட்டளையே, நடப்பது என்ன என்று உபயோகிப்பவருக்கு எப்போதும் தெரியவேண்டும் என்பது. தப்பு நேர்ந்தால் சாதாரண பாஷையில் சொல்லு, என்ன செய்தால் சரியாகும் என்பதையும் சேர்த்துச் சொல்லு என்பது இன்னொன்று. கம்ப்யூட்டர் படித்த எல்லோரும் அதைப் படித்துப் பரீட்சை எழுதிப் பாஸ் செய்துவிட்டுத்தான் வேலைக்கு வருகிறார்கள்.

என்னைக் கேட்டால், நல்ல செய்தி ஓடலாம், கெட்ட செய்தி நிற்க வேண்டும். ஆள் படித்து, புரிந்து, தன் கையால் மூடுகிற வரை நிற்க வேண்டும். பாதியில் நிற்கிற வேலை இருக்கிறதே, அதுவும் கெட்ட செய்திதான். அதற்குப் பச்சைக் கலரும் டிக் மார்க்கும் போடுவது அநியாயம். 'விண்ணப்பம் இன்னும் எங்களுக்கு வரவில்லை. கீழே சமர்ப்பி என்ற பட்டனை அழுத்துங்கள். இன்று மாலை 5 மணியோடு முடிகிறது' என்று தமிழில் மூன்று வரி எழுத எத்தனை நேரம் ஆகும்? கேப் டிரைவர் ஒரு டீ குடிக்கிற நேரம்.

பணம் போகிற இடத்தில் இது இன்னும் விபரீதம். கடையில் யு.பி.ஐ.யில் பணம் அனுப்புகிறீர்கள். உங்கள் கணக்கில் கழிந்துவிட்டது. கடைக்காரருக்குப் போகவில்லை. திரையில் 'ஃபெயில்டு'. கடைக்காரர் உங்களையே பார்க்கிறார், நீங்கள் போனையே பார்க்கிறீர்கள். அந்த நேரத்தில் உங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: என் பணம் எப்போது திரும்பும்? அதற்கு விதி இருக்கிறது. 2019 செப்டம்பர் 20-ம் தேதி ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கையின்படி, ஆளுக்கு ஆள் அனுப்பியது சேராவிட்டால் மறுநாளைக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்கு அனுப்பியது உறுதியாகாவிட்டால் ஐந்து நாளைக்குள். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு, நீங்கள் கேட்காமலே தர வேண்டும். இதைக் கத்தரித்துப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். 'ஃபெயில்டு' என்று கொட்டை எழுத்தில் போடத் தெரிந்த திரைக்குப் பக்கத்திலேயே இந்த ஒரு வரியைப் போட இடமிருக்கிறது. நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த விஷயத்தில் ரயில்வேயை நான் மெச்சுவேன். 'வெயிட்டிங் லிஸ்ட் 47' என்று சொல்லும்போது ஆறுதலும் கிடையாது, மழுப்பலும் கிடையாது. உமக்கு முன்னால் நாற்பத்தாறு பேர் நிற்கிறார்கள் ஐயா, பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். பாமரருக்கும் புரியும். பஸ்ஸுக்குப் போவதா, சித்தி வீட்டுக் கல்யாணத்தை விட்டுவிடுவதா என்று நாமே முடிவுசெய்துகொள்ளலாம்.

நம்ம ஊரில்தான் இப்படி என்று நினைக்கவேண்டாம். 2018 ஜனவரி 13, சனிக்கிழமை காலை 8.07-க்கு அமெரிக்காவின் ஹவாய்த் தீவுக்காரர்கள் போனில், ஏவுகணை வருகிறது, பதுங்குங்கள், இது ஒத்திகை இல்லை என்று அரசாங்கத்திடமிருந்து மெசேஜ் வந்தது. உண்மையில் ஒத்திகைதான். ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தப்பான சேதி என்று கவர்னருக்கு இரண்டே நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. உடனே ட்விட்டரில் போடலாம் என்றால் லாகின் விவரம் அவருக்குத் தெரியவில்லை, பிறகு அவரே சொன்னார். 'தவறுதலாக வந்தது' என்று போனுக்கு மறு மெசேஜ் வர 38 நிமிஷம் ஆனது. காரணங்களில் ஒன்று, எச்சரிக்கை வாசகத்தைத் தயாராக எழுதி வைத்திருந்தார்கள், மறுப்பு வாசகத்தை யாரும் எழுதி வைக்கவில்லை.

நம் பக்கம் அதற்கு நேர்மாறாக ஒரு நல்ல காரியம் நடந்தது. 2023 அக்டோபர் 20-ம் தேதி தமிழ்நாட்டில் ஏராளமான செல்போன்கள் திடீரென்று அலறின, ஞாபகம் இருக்கிறதா? பேரிடர் எச்சரிக்கை சோதனை. ஆபீஸ் முழுக்க ஒரே சமயத்தில் அலறியதில் எங்கள் அக்கவுண்டன்ட் காபியைக் கீபோர்டிலேயே ஊற்றிவிட்டார். ஆனால் வாசகத்தைப் பாருங்கள்: இது சோதனை, அனுப்புவது மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை, நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. என்ன, யார், அடுத்து என்ன, மூன்றும் இருந்தன. மூடுகிறவரை திரையை விட்டு நகரவும் இல்லை.

கண் பார்வை இல்லாதவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் திரையைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் வைத்துத்தான் இணையதளம் பார்க்கிறார்கள். மூலையில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடும் பட்டையை ஸ்கிரீன் ரீடரிடம் முறைப்படி அறிவிக்காவிட்டால் அது அவர்களுக்கு வரவே இல்லை என்று அர்த்தம். அறிவிக்க இரண்டு தினுசு வைத்திருக்கிறார்கள். 'பொலைட்' என்றால் ரீடர் படித்துக்கொண்டிருப்பதை முடிக்கட்டும் என்று காத்திருந்து சொல்லும். 'அஸெர்டிவ்' என்றால் பேச்சை வெட்டிக்கொண்டு சொல்லும். (எங்கள் வீட்டில் அப்பா பொலைட், அம்மா அஸெர்டிவ்.) 2018-ல் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1 என்ற சர்வதேச விதிமுறை இதைக் கேட்கிறது. புரோகிராமில் ஒரே ஒரு வார்த்தை சேர்க்கிற வேலை என்கிறான் சிநேகிதன்.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் விஸ்தாரமாகச் சொன்னேன். நீல்சன், ஹவாய், டோஸ்ட் எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் கன்வேயருக்குப் போய்விட்டார். "பெல்ட்டை ஓட்டறதுக்கு முன்னாடி ஹூட்டர் அடிக்கணும்பா. மேல எவனாவது ஏறி வேலை பார்த்துட்டிருப்பான், கிரீஸ் வெச்சிட்டிருப்பான். சத்தம் கேட்டு அவன் இறங்க டயம் குடுத்துட்டுத்தான் பட்டனை அமுக்கணும். ஓடறதுக்கு முன்னாடி அடிச்சா அது ஹூட்டர். ஓடினப்புறம் அடிச்சா அது சங்கு."

அடுத்த வருஷம் தங்கச்சி மறுபடி விண்ணப்பித்தாள். ஒவ்வொரு திரையையும் பிரிண்ட் எடுத்தாள், 22 பக்கம். ஒப்புகை எண் வந்ததும் சித்தப்பா அதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்தாராம். சீட் கிடைத்தது, படித்துக்கொண்டிருக்கிறாள். கூடப் படிக்கிற பெண்களைவிட ஒரு வயசு மூத்தவள் என்பதால் எல்லோரும் 'அக்கா' என்று கூப்பிடுகிறார்களாம். "அதான் ஒரு மாதிரி இருக்குண்ணா" என்றாள் போனில்.

பிரவுசிங் சென்டர்காரர், பாவம், அவருக்கும் உறுத்தியிருக்கிறது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பார்த்தேன். காலண்டர் அட்டையைக் கத்தரித்து, ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, மூன்று கம்ப்யூட்டரிலும் ஒட்டியிருக்கிறார். 'சேவ் என்றால் முடியவில்லை. நம்பர் வந்தால்தான் முடிந்தது. நம்பர் வராமல் எழுந்து போகாதீர்கள்.' திரையின் மேல் மூலையில், அந்தப் பச்சைப் பட்டை வந்து போகிற இடத்தை மறைத்து ஒட்டியிருக்கிறார்.